மாலையைக் கழற்றட்டும்

என் தங்கையை அவள் புருஷன் அடித்தான். அதனால்தான் மேடம், உங்களை எனக்குத் தெரிய வந்தது. நீங்கள் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. இன்று காலை என் சவுக்கு மரக் கிடங்கில் ஒரு சுமையாள் கறுப்பு வேட்டியும் துளசிமணி மாலையுமாய் வந்து நின்றான். "இன்னா சாமி, பீடிய வுட்டாச்சா?" என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது ஈசிஆர் சாலை புதிதாய்ப் போட்ட சமயம். திருவிடந்தையில் லோடு ஏற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு, செங்கல்பட்டில் நீங்கள் குடும்ப ஆலோசனை நடத்திய மாடி அறைக்கு ஓடி வந்தேன். நல்ல செய்தி என்று நினைப்பு. மாமல்லபுரத்து ஓட்டலில் வேலை பார்த்த தங்கை புருஷன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். குடி இல்லை, அடி இல்லை. என் அம்மாவே மாப்பிள்ளையைச் "சாமி" என்றுதான் கூப்பிட்டாள்.

"வூட்டுக்கு வந்து போறான், கையே வெக்கறதில்ல மேடம். இத்த விட இன்னா மாறணும்?"

"விரதம் சாமிக்கு இருக்காரு. உங்க தங்கச்சிக்கா இருக்காரு? மாலைய கழட்டட்டும், அப்புறம் வாங்க" என்றீர்கள்.

அம்மா கேட்கவில்லை, அடிபட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கையை அவனிடமே கொண்டுபோய் விட்டாள். அவன் மலையிலிருந்து திரும்பிய வாரமே தங்கை இடுப்பில் பிள்ளையும் வீங்கிய முகமுமாய்த் திரும்ப வந்து சேர்ந்தாள்.

"அறுத்து வுட்டுடலாம் மேடம், இவன் தேறமாட்டான்" என்றேன். நீங்களோ அவனைத் தனியே வரவழைத்து மாதக்கணக்கில் பேசினீர்கள். எனக்கு எரிச்சல். "அடிச்சவங்கிட்ட இன்னா மேடம் பேச்சு?"

"அடிக்கிறதும் பழகினதுதாங்க. விடவும் பழகலாம். ஆனா விட்டுட்டாருன்னு அவரும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டீர்கள். என்னைப்போல் எத்தனை அண்ணன்களைப் பார்த்தீர்களோ.

கடைசியில் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தீர்கள்.

"இப்ப மாறிட்டேன்ல?" என்றான் அவன்.

"புள்ளய பாக்க வர்ற, அடிக்கல தான்" என்றாள் தங்கை. "ஆனா வாசல்ல உன் வண்டி சத்தம் கேட்டா, டிவிய நிறுத்திட்டு எழுந்து நிக்கறேன்யா."

"உனக்கு என்ன வேணும், நீ சொல்லும்மா" என்றீர்கள் அவளிடம்.

இத்தனை வருஷம் கழித்தும் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. "இன்னா அண்ணாத்த, மாறிட்டானா?" பதில் சொல்லி அலுத்துவிட்டது. அன்று அவள் சொல்லி, நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டது இன்னும் அப்படியேதான் இருக்கிறது: அவள் அம்மா வீட்டில் இருப்பாள். அவன் ஞாயிறு பகலில் வந்து பிள்ளையைப் பார்க்கலாம்; வாசற்கதவு திறந்தே இருக்கும். மாறிவிட்டான் என்ற வார்த்தையை அவள் ஒருத்திதான் சொல்லலாம். சொல்லாமலே இருந்துவிட்டாலும், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது.