மீதம் 112 மணி நேரம்

குத்தாலம்,
ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணி.

அன்புள்ள ராம்கி அண்ணனுக்கு,

தங்கை குந்தவை வணக்கத்துடன் எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சம்பா கதிர் வாங்குகிறது. ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், அதனால் ஊரெல்லாம் பம்புசெட் ஓடுகிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. டிஸ்ப்ளே மாற்றித் தருகிறேன் என்று சித்தப்பா அம்மாவின் போனை வாங்கிப் போய் இருபது நாள் ஆகிறது. உன் நம்பர் அதில்தான் இருக்கிறது, எனக்கு மனப்பாடம் இல்லை. தீபாவளிக்கு முறுக்குப் பார்சல் அனுப்பியபோது உன் விசாகப்பட்டினம் விடுதி விலாசத்தை நான்தான் எழுதினேன். அது மட்டும் நினைவில் நிற்கிறது.

நிலத்து விஷயம் அண்ணா. நம் ஒன்பது மா நிலத்தையும் மனைக்கட்டுப் போடுகிற ஒருவருக்கு விற்றுவிடலாம் என்று சித்தப்பா இரண்டு மாதமாக அம்மாவை நச்சரிக்கிறார். அப்பா அம்மா பெயரில் எழுதி வைத்த நிலம், அவள் கையெழுத்து இல்லாமல் நடக்காது. அம்மா, "ராம்கி அவன் வாயால சொல்லட்டும் தம்பி, அன்னைக்கே போடுறேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். உனக்கு நைட் ஷிப்டாம், பேச நேரமில்லையாம், வீடியோ அனுப்புவாயாம். சித்தப்பா அப்படித்தான் சொல்கிறார். உன்னிடம் எங்களைப் பற்றி என்ன சொல்கிறாரோ தெரியவில்லை.

கல்யாண வீடியோ எடுக்கும் நெடுமாறன் உனக்குத் தெரியும். இறந்துபோன அப்பாவும் தாத்தாவும் மண்டபத் திரையில் வந்து ஆசீர்வாதம் செய்வதுபோல் இப்போது ஏஐ வீடியோ போடுகிறார்களே, நம் பக்கத்தில் அதெல்லாம் அவர் கைவேலைதான். வியாழக்கிழமை சித்தப்பா அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அப்பாவின் திதிக்கு அப்படி ஒன்று செய்யப் போகிறோம், ஸ்டுடியோ மெஷினுக்கு ஓய்வில்லை, வீட்டில் நான் படிக்கிற கம்ப்யூட்டரிலேயே ஓடட்டும் என்றார். நெடுமாறன் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடமே கேட்டார். "கம்ப்யூட்டர் குரூப்பாமே பாப்பா, நீயே சொல்லு. உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் போதுமா, இல்ல இந்தக் கிழட்டுக் கார்டைச் சொருகட்டுமா?"

நீ சொல்லிக் கொடுத்ததை எல்லாம் ஒப்பித்தேன். என் படிப்புக்கு பிராசசரோடு வருவதே போதும், இந்த வேலைக்குப் போதாது, அது மெயின் மெமரியில் கடன் வாங்கித்தான் ஓடும், கார்டு பழசானாலும் அதற்கென்று தனி மெமரி இருக்கிறது, நம் பவர் சப்ளையும் தாங்கும் என்றேன். "பாத்தியா எங்க வீட்டு இன்ஜினியரை" என்று சித்தப்பா என் சடையைப் பிடித்து ஆட்டினார். பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து கம்ப்யூட்டர் திரையைப் போட்டுப் பார்த்தேன். சோதனைக்காக ஓட்டிப் பார்த்த பத்து வினாடித் துண்டு இருந்தது. அதில் அப்பா இல்லை. நீ இருந்தாய். தீபாவளிக்கு வீடியோ காலில் போட்டிருந்த நீலச் சட்டை. உன் குரலில், சித்தப்பா காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அம்மாவைக் கேட்டாய். உதடு மட்டும் ஒரு நொடி பிந்தி அசைந்தது. முழுதும் ஓடி முடிந்தால் அதுவும் சரியாகிவிடும்.

அழித்தால் பயனில்லை, நெடுமாறனிடம் நகல் இருக்கிறது. அதனால் பெட்டியைத் திறந்து அந்தக் கார்டுக்குப் போகும் மின்வயரைத் தளர்த்திவிட்டேன். பம்புசெட் ஓடி வோல்டேஜ் விழுந்ததில் கார்டு போய்விட்டது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். நம் டிவி போனதும் அப்படித்தானே, நம்பினார். நெடுமாறன் போனில், "சரி, உள்ளே இருக்கிற கிராபிக்ஸ்லயே ஓடட்டும், செவ்வாய்க்கிழமை வந்து கார்டைப் பார்க்கிறேன்" என்றாராம். ஒரே இரவில் முடிய வேண்டியது இப்போது ஊர்ந்துகொண்டிருக்கிறது. மீதம் 112 மணி நேரம் என்று திரை காட்டுகிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் முடியும். அடுத்த திங்கட்கிழமை பத்திரப் பதிவு.

அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அந்தத் துண்டைக் காட்டவில்லை, பார்த்தால் நீதான் என்றே நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அவள் நம்பவில்லை. அதெல்லாம் செத்தவர்களுக்குச் செய்வது, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யாராவது செய்வார்களா என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ராத்திரி சோறு போடும்போது, "பாருங்க தம்பி, இது என்னமோ உளறுது" என்று சித்தப்பாவிடமே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அவரும் சிரித்தார். ரசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவ எழுந்தபோதுதான் என் பக்கம் திரும்பி, "வோல்டேஜ்தானே குந்தவை?" என்றார். ஆமாம் என்றேன்.

நேற்றிலிருந்து என்னைத் தனியாக வெளியே விடுவதில்லை. நாளை பள்ளிக்கூடத்துக்கு அவரே பைக்கில் கொண்டுபோய் விடுவாராம். இந்தக் கடிதத்தை வகுப்பில் அம்சவல்லியிடம் கொடுப்பேன். அவள் விரைவுத் தபாலில் போடுவாள்.

செவ்வாய்க்கிழமை நெடுமாறன் பெட்டியைத் திறப்பார். அதற்குள் வயரைச் சரியாகச் செருகிவிட்டால் என்மேல் சந்தேகம் வராது, ஆனால் விடிவதற்குள் நீ பேசி முடித்துவிடுவாய். செருகாவிட்டால் நான் செய்தது தெரிந்துவிடும். இரண்டு நாளாக இதையே நினைத்து, செருகுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவரே பார்த்துச் செருகினாலும் ஓடி முடிய இன்னும் ஒரு நாளாவது ஆகும். அந்த ஒரு நாள் உனக்கு.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் பெயர் போட்ட ஃபோல்டருக்குப் பக்கத்தில் நேற்று புதிதாக ஒரு ஃபோல்டர் வந்திருக்கிறது. என் பெயர். காலையில் என் போட்டோ ஒன்றுதான் இருந்தது. இப்போது ஏழு இருக்கின்றன, ஆண்டுவிழாவில் நான் பேசிய பேச்சும் இருக்கிறது. என்னை எதற்கு?

கிடைத்ததும் ரயிலேறு அண்ணா. சித்தப்பாவுக்குப் போன் செய்து கேட்காதே. வழியில் என் முகம் திரையில் வந்து, நான் நன்றாக இருக்கிறேன், பரீட்சைக்குப் படிக்க வெளியூர் வந்திருக்கிறேன், நீ அவசரப்பட்டு வரவேண்டாம் என்று சிரித்துச் சொன்னாலும் நம்பாதே. வீட்டுக்குள் வந்து, நீயே என் கையைப் பிடித்துப் பார்க்கிற வரைக்கும் எதையும் நம்பாதே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
குந்தவை