லைசென்ஸில் இருக்கிற பெயர்

ஸ்காபரோ
மே 9, 1996

தம்பிக்கு,

நீர் ஃபோனை எடுப்பதில்லை. ஆகவே இதை எழுதி உமது கதவுக்குக் கீழால் தள்ளிவிடப் போகிறேன்.

இன்று வெக்ஸ்போர்ட்டில் இருந்து ஒரு தமிழ்ப் பெண் அழைத்தார். வீட்டுப் பின்வளவில் நீச்சல் குளம் கட்ட உம்மைப் பேசியிருக்கிறாராம். நீர் காட்டிய லைசென்ஸைப் பற்றி அதைக் கொடுக்கிற கந்தோரில் விசாரித்துவிட்டு, அதில் உள்ள எங்கள் வீட்டு நம்பருக்கு எடுத்திருக்கிறார்.

“லைசென்ஸ் சரிதான். ஆனா அது ஆரின்ர பேரில இருக்கோ, அவரோடதான் ஒப்பந்தம் எழுத வேணுமாம். மிஸ்டர் பெனடிக்ற் நிக்கிறாரோ?”

“அவர் வெளியில போயிருக்கிறார்” என்றேன்.

நான்காவது தடவையாக இப்படிச் சொல்கிறேன். லைசென்ஸைப் புதுப்பிக்கும் படிவத்தில் நீர் உமது அண்ணையின் கையெழுத்தைப் போட்டபோது, அவரை அடக்கம் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். “இந்தச் சம்மருக்கு மட்டும்தான் அண்ணி. பிறகு என்ர பேரில எடுக்கிறன்” என்றீர். அது போன வருடம்.

முப்பது குளம் கட்டியவர் அவர். ஒரு சுவர்கூடச் சரிந்ததில்லை. நீர் கட்டியது சரிந்தது. முறைப்பாட்டுக் கடிதம் அவர் பெயருக்கு வந்தது. இந்தப் பெண்ணுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஃபோனில் அவர்களின் சத்தம் கேட்டது.

நாளை காலை எட்டு மணிக்கு அந்தப் பெண் திரும்ப எடுப்பார். அதற்கு முன் நீரே போய் உண்மையைச் சொல்லும். இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

உமக்காக மட்டும்தான் பொய் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். வெளியில் போயிருக்கிறார் என்று சொல்லி ஃபோனை வைத்த ஒவ்வொரு தடவையும், நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

அண்ணி