சிவப்புக் குறியிட்ட கோப்புகள்

1879 மார்ச் 6
இன்று மட்டும் தொண்ணூறு கோப்புகளுக்கு ‘தேவையில்லை’ என்று சிவப்புக் குறி போட்டேன். ஆவணக்காப்பகத்தின் பாதி அறைகளைப் படைக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் கேட்கிறது. பழையதெல்லாம் காகித ஆலைக்குப் போகும். “கை வேகமாத்தான் ஓடுது, எவ்லாம்பி!” என்றார் மேலாளர் நிக்கனோர் பாவ்லிச். ஓடாமல்? மேலட்டையைத் தாண்டி நான் எதையும் படிப்பதில்லையே.

மார்ச் 9
ஓல்ஹோவ்கா கிராமத்திலிருந்து உஸ்தீன்யா என்றொரு பெண் வந்தாள். முழங்கால்வரை பனிச்சேறு. ஊர்ப் புல்வெளியைப் பண்ணையார் தனதென்கிறாராம். இருபதாம் தேதி வழக்கு.

“எங்க பாட்டன் காலத்துல எல்லை அளந்து படம் போட்டாங்கய்யா. அது இங்கதான் இருக்காம். அந்தப் புல்லு போச்சுன்னா மாடு போச்சு, நாங்களும் போனோம்.”

பதிவேட்டைப் புரட்டினேன். கோப்பு எண் 1143. பக்கத்தில் சிவப்புக் குறி. என் கைதான்.

“தேடிப் பார்க்கிறேன்” என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 10
நோன்புக்கால முட்டைக்கோஸ் சூப். அதுகூட இறங்கவில்லை.

மார்ச் 12
நிக்கனோரிடம் கேட்டேன். “பட்டியலுக்கு மேலிடத்து ஒப்புதல் வந்தாச்சுய்யா. பட்டியல்படி அந்தக் கோப்பு இல்ல. இல்லாததை எங்கேர்ந்து எடுத்துக் கொடுப்ப?” நாளை மறுநாள் காகித ஆலை வண்டிகள் வருகின்றன.

மார்ச் 13
பின்கொட்டகையில் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். விரல் மரத்துப்போனது. பதினேழாவது கட்டில் கிடைத்தது! புல்வெளிக்குப் பச்சை பூசியிருக்கிறார்கள். எல்லைக் கோடு தெளிவாக இருக்கிறது. மேலங்கிக்குள் செருகினேன். பிறகு வெளியே எடுத்தேன். காப்பக முத்திரை இல்லாத காகிதத்தை நீதிமன்றம் சீந்துமா?

தேடும்போது எத்தனை கையெழுத்துகள் கண்ணில் பட்டன — விண்ணப்பங்கள், கைநாட்டுகள். ஐயோ, இதையெல்லாமா தள்ளினேன்?

மார்ச் 14
காலையில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன்: ‘1143-ஐத் தவறாகக் குறியிட்டேன். மற்றவற்றையும் படிக்காமலே குறியிட்டேன். வண்டிகளை நிறுத்த வேண்டும்.’

நிக்கனோர் இரண்டு முறை படித்தார். “ஒரு கோப்புன்னா கைத்தவறு. எல்லாம்னா உன் தலையும் போகும், என் தலையும் போகும். மொதல் வரியோட நிறுத்து, அந்தப் படத்துல இப்பவே முத்திரை குத்தித் தரேன். இல்லன்னா அதுவும் வண்டியில ஏறும்.”

முற்றத்தில் குதிரைகள் கனைத்தன. உஸ்தீன்யா வாசலில் நின்றிருந்தாள்.

மற்ற வரிகளை அடித்துவிட்டேன்.

ஏழு வண்டிகள். எண்ணக் கூடாது என்றிருந்தும் எண்ணினேன்.

மார்ச் 22
புல்வெளி ஊருக்கே என்று தீர்ப்பாம். உஸ்தீன்யா காய்ந்த காளான் சரம் கொண்டுவந்தாள். “உங்க பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏத்தினோம்யா.” கையை முத்தமிட வந்தாள், பின்னால் இழுத்துக்கொண்டேன். கோபப்பட்டேன் என்று நினைத்திருப்பாள், பாவம்.

ஏப்ரல் 18
தெரெந்தி என்ற கிழவர் வந்தார். பண்ணையடிமைக் காலத்தில் அவர் தம்பியை எஜமானர் சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டாராம். “எந்த ஊருக்குன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். சாகுறதுக்குள்ள ஒரு கடுதாசி போடணும்.”

பதிவேட்டில் சிவப்பு.

“தொலைந்துவிட்டது” என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “நான்தான் குப்பைன்னு தள்ளினேன், பெரியவரே. ஆலையில கரைஞ்சு போச்சு.”

அவர் கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைப் பிசைந்தார். “சரி. ஊர்ப் பேரு ஞாபகம் இருக்குமே? நீங்க படிச்சிருப்பீங்கல்ல?”

“படிக்கல.”

“படிக்காமலா?”



ஏப்ரல் 19
அடித்த வரிகளையும் சேர்த்து வாக்குமூலத்தை மறுபடி எழுதினேன். நானே போய்த் தலைநகருக்குத் தபாலில் சேர்த்தேன்.

ஜூன் 2
விசாரணை முடிந்தது. எனக்கு வேலை போயிற்று; நிக்கனோரை வேறு மாகாணத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோப்புகளைப் படிக்காமல் அழிக்கக் கூடாது என்று ஆணை வந்திருக்கிறதாம்.

இன்று தெரெந்தியின் வீட்டுக்குப் போனேன். சைபீரியாவின் ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்துக்கும் அவர் தம்பி பெயரைக் கேட்டு எழுதுகிறோம். அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். மூன்று கடிதம் முடிந்தது.