சுனாபட்டி குவாரியின் தவளைப் பாறைக்கு வெடி வைப்பதை நிறுத்தக் கோருவது

அனுப்புநர்:
தா. தனசீலன்,
ஜல்லி, செங்கல் வியாபாரம்,
தாராவி, பம்பாய்-17.

பெறுநர்:
உயர்திரு வேங்கடசுப்ரமணியன் அவர்கள்,
சுரங்க இலாகா அதிகாரி, பம்பாய்.

பொருள்: திங்கட்கிழமை வெடி வைக்குமுன் பாறையைப் பார்வையிட வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழர் என்று மாதுங்காவில் விசாரித்து அறிந்ததால் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. நான் அந்தக் குவாரியில் ஜல்லி எடுத்து விற்கிறவன். வேலை நின்றால் முதல் நஷ்டம் எனக்குத்தான். தெரிந்தே கேட்கிறேன்.

2. பள்ளிக்கூட டீச்சரான என் மகள் ரோஸி, லீவு நாட்களில் என்னோடு லாரியில் குவாரிக்கு வருவாள். கிழக்கு ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரியும் கறுப்புப் பாறை இருக்கிறது. ஜல்லிக்கு உதவாது என்று நாங்கள் ஒதுக்கியதை அவள்தான் பிளந்து பார்த்தாள். உள்ளே கால் மடக்கிய தவளைகள், விரல் எலும்பு முதற்கொண்டு அப்படியே கல்லாகிப் பதிந்திருந்தன. ஓர் ஆமையும் கிடைத்தது. மனிதன் தோன்றுமுன் இங்கே கிடந்த சதுப்பு நிலத்துப் பிராணிகள் என்று காலேஜ் புரொபசர் ஒருவர் சொன்னார். அவர் இப்போது வெளிநாட்டில்.

3. போன மழைக்காலத்தில் ரோஸி காமாலையில் இறந்தாள். இறந்தவருக்குப் பிரியமானதைப் பெட்டியில் வைத்து அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். மற்றவர்கள் ஜெபமாலை, பட்டுச்சேலை வைப்பார்கள். என் மனைவி தெரசம்மாள், மகள் சேர்த்த கற்களை ஒன்று விடாமல் வைத்தாள். தலைமாட்டில் ஆமை, கைக்குப் பக்கத்தில் தவளைகள். தூக்கியவர்கள் பாரம் என்றார்கள். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

4. இப்போது அடியிலுள்ள நல்ல கல்லுக்காக அந்தப் பாறையை உடைக்கப் போகிறார்கள். நிறுத்தச் சொல்லி வந்தபோது தங்கள் ஆபீசில் அத்தாட்சிக்குச் சாம்பிள் கேட்டார்கள். நியாயம்தான்; சாம்பிள் பார்க்காமல் நானும் சரக்கு எடுத்ததில்லை. ஆனால் இருந்ததெல்லாம் அவளோடு மண்ணுக்குள் இருக்கிறது. பாறையில் புதிதாக ஒன்று வெட்டலாமென்றால் குவாரி எஜமான் கணேசபாண்டியன் அந்தப் பக்கமே விடவில்லை. "அண்ணாச்சி, மழை பெய்ஞ்சா தாராவி பூரா தவளைதான். ஒண்ணைப் புடிச்சு வளத்துக்கிடுங்க" என்று ஆட்கள் முன்னால் சிரித்தார்.

5. கல்லறையைத் திறந்தால் சாம்பிள் கிடைக்குமே என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். தெரசம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஆகையால் ஐயா, அதை மட்டும் எங்களிடம் கேட்க வேண்டாம். திங்கட்கிழமைக்குள் ஓர் ஆளை அனுப்புங்கள். லாரியில் நானே கூட்டிப்போகிறேன். பாறையில் ஒன்றுமே இல்லையென்றால் வெடி வைக்கட்டும், நானே ஜல்லி அள்ளுகிறேன். இருந்தால், என் மகள் பார்த்தது இன்னொருவர் கண்ணிலும் படட்டும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
தா. தனசீலன்

தாராவி,
14-5-1964