பல்லுக்கார மீனைக் கேட்ட நாள்

மச்சாள்,

போன ஞாயிறு அஜக்ஸ் வீட்டில் மகள் தன் சின்னவளுக்கு வெயில் கிறீம் பூசினாள். மூடியைத் திறந்ததும் தேங்காய் மணம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னம்மா என்று கேட்டாள். உங்கள் மூக்கு நினைவுக்கு வந்தது என்று எப்படிச் சொல்வது? கியூபாவில் அந்தப் படகில் அதே மணமுள்ள கிறீமை மூக்கில் மட்டும் வெள்ளையாக அப்பிக்கொண்டு, உங்கள் தம்பியின் தொப்பியோடு நின்றீர்களே, அந்த மூக்கு.

நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. இப்போதெல்லாம் உங்களை நினைத்தால் அழுகைக்கு முன் சிரிப்பு வருகிறது.

தொண்ணூறுகளில் உங்கள் குடும்பமும், உங்கள் தம்பியைக் கட்டிய என் குடும்பமும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். நீங்கள் பதினோராம் மாடி, நாங்கள் நாலாம் மாடி. எனக்குப் பாண் சுடும் பக்ரறியில் வேலை. உங்களுக்குத் தூண்டில் சாமான் விற்கும் கடையில் காஷியர் வேலை. மற்றவர்கள் வேலையால் களைத்து வருவார்கள். நீங்கள் கதையோடு வருவீர்கள். இறகையும் நூலையும் கொக்கியில் கட்டி, நண்டு போலவும் இறால் போலவும் காட்டி மீனை ஏமாற்றும் ஃபிளை ஃபிஷிங் கதை.

இருவருக்கும் கனடியப் பாஸ்போட் கிடைத்த குளிர்காலத்தில், பிள்ளைகளை ஆண்களிடம் விட்டுவிட்டு ஒரு கிழமை கியூபாவுக்குப் போவோம் என்றீர்கள். “எதெண்டாலும் சரி” என்றேன். அப்போது என்னிடம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில்தான் இருந்தது. கலியாணத்துக்கும் அதைத்தான் சொன்னேன். நாலாம் மாடிக்கும் அதைத்தான் சொன்னேன்.

கட்டடத்துக்குப் பின்னாலிருந்த பூங்காவில், பனிக்குள் நின்று எனக்குத் தூண்டில் வீசப் பழக்கினீர்கள். கொக்கிக்குப் பதிலாக நுனியில் கம்பளி நூல் கட்டியிருந்தோம். காவலாளி வந்து இங்கே மீன் இல்லையே என்றார். பங்குனியில் வரும் என்று முகம் மாறாமல் சொன்னீர்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு உங்கள் குசினி மேசையில் மீன்களை வரைந்து காட்டினீர்கள். போன்ஃபிஷ் கூட்டமாக வரும், தூர வீசத் தேவையில்லை, புதிதாகப் பழகுபவருக்கு அதுவே சரி. டார்ப்பன் ஆள் உயரம் பாயும், ஆனால் நாங்கள் போகும் மாதத்தில் வருமோ தெரியாது. பெர்மிட் என்பது கறுப்பு வாலுள்ள வட்டமான மீன், எங்கள் பாரை இனம். இரையைக் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். நீங்கள் தெரிந்தெடுத்தது அதைத்தான்.

“இந்த நாட்டிலை எங்களுக்கு எந்தப் பெர்மிட் கெதியாக் கிடைச்சது?” என்று சிரித்தீர்கள். உமக்கு எது என்று கேட்டபோது நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தீர்கள்.

“ஒரு மீனைக்கூட உம்மடை விருப்பத்துக்குக் கேக்கத் தெரியாதோ? நான் தெரிஞ்செடுத்துத் தரமாட்டன். நீர்தான் சொல்லவேணும்.”

எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் அது வெட்கம். எந்த மீன் என்று சொல்லாமலே விமானம் ஏறினேன்.

படகு ஒரு நாளுக்குத்தான் எடுத்திருந்தோம். காலை உங்களுக்கு, மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு. படகோட்டி கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த மனிதர். பின்னால் நின்று நீளமான கம்பால் ஊன்றி ஊன்றிப் படகைத் தள்ளினார். பரவைக்கடல் போல முழங்காலளவு தண்ணீர், அடியில் வெள்ளை மணல். பெர்மிட் மூன்று தரம் வந்தது. மூன்றாவது உங்கள் இறகு நண்டின் பின்னால் படகுவரை வந்து, நின்று பார்த்து, திரும்பியது. நீங்கள் அப்படியே கீழே இருந்துவிட்டீர்கள்.

“என்னை வடிவாப் பாத்திட்டுத்தான் போனவர்” என்றீர்கள். கண்ணில் நீர் வர அப்படிச் சிரித்தீர்கள்.

பிறகு படகோட்டி என்னிடம் எந்த மீன் என்று கேட்டார். எங்களுக்கு நேரே போன்ஃபிஷ் கூட்டமொன்று மணலில் நிழலாக நகர்ந்து கொண்டிருந்தது. நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். கூட்டத்துக்கு அப்பால், கடற்புல் ஓரத்தில், நீளமாக ஒன்று தடி போல அசையாமல் கிடந்தது. எங்கள் ஊர்ச் சீலா மீன்.

அதைக் காட்டினேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். அதைத் தேடி இங்கே யாரும் வருவதில்லை, பல்லால் நூலை அறுத்துவிடும், பெரிதைச் சாப்பிட்டால் நஞ்சு என்றார். பிறகு உங்களைப் பார்த்தார். நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள்.

“எனக்கு அதுதான் வேணும்” என்றேன். வேறொரு பெண் சத்தம் போட்டது போல என் காதுக்கே கேட்டது.

அவர் நூல் நுனியில் பல்லுக்கு அறாத கம்பி கட்டி, பச்சை இறகு வைத்த நீள இரையைப் போட்டுத் தந்தார். முதல் வீச்சு எங்கேயோ விழுந்தது. இரண்டாவது உங்கள் சட்டையில் மாட்டியது. மூன்றாவது அதன் தலைக்கு முன்னால் விழுந்தது.

“இழும், இழும். நிப்பாட்டாதையும்” என்றீர்கள்.

இரண்டு கையாலும் இழுத்தேன். கிடந்த தடியைக் காணவில்லை. நூல் விரலைச் சுட்டுக்கொண்டு ஓடியது. அந்த மீன் தண்ணீரை விட்டு எழும்பி, வெயிலில் வெள்ளித் தகடு போல நீண்டு, தூரப்போய் விழுந்தது. எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேனோ தெரியாது. கடைசியில் படகோட்டி குறட்டால் கொக்கியைக் கழற்றும்போது அந்தப் பற்களைப் பார்த்தோம். அதை விட்டதும் வாலின் ஒரே அடியில் மறைந்தது. நீங்கள் என்னைக் கட்டிப் பிடித்ததில் மூக்குக் கிறீம் முழுக்க என் கன்னத்தில்.

திரும்பி வந்த பிறகு உங்கள் தம்பி பிக்கரிங்கில் ஒரு வீடும் அஜக்ஸில் ஒரு வீடும் பார்த்தார். பிக்கரிங் என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டு, ஒரு பேச்சுக்கு என்னிடமும் கேட்டார். பின்னால் தோட்டம் போட நிலமுள்ள அஜக்ஸ் வீடு என்றேன். அன்று பின்னேரமே உங்களுக்குப் போன் எடுத்தார்.

“அக்கா, இவவுக்கு அங்கை என்ன செய்தனீங்கள்?”

“நான் ஒண்டும் செய்யேல்லை. அவ மீன் பிடிச்சவ” என்றீர்களாம்.

நீங்கள் இன்னும் இரண்டு தரம் போனீர்கள். பெர்மிட் கிடைக்கவேயில்லை. போன்ஃபிஷையாவது பிடித்துக்கொண்டு வாருங்களேன் என்றால், எனக்கு அது வேண்டாமே என்பீர்கள். அதைச் சொல்லும்போது உங்களிடம் ஒரு துளி கவலையும் இருந்ததில்லை.

எனக்கு இன்றும் யாராவது ஏதாவது கேட்டால் பழைய பதில்தான் நாக்கு நுனிக்கு முதலில் வருகிறது. அதை விழுங்கிவிட்டு, ஒரு கணம் பார்க்கிறேன். பிறகு சொல்கிறேன். அந்த ஒரு கணம் நீங்கள் எனக்குத் தந்தது, மச்சாள்.

நேற்று மகன் எனக்குப் புதுக் கார் பார்க்கக் கூட்டிப்போனான். வயது போனவைக்குச் சாம்பல் நிறம்தான் நல்லம் என்றான். சிவப்பு என்றேன். நம்பாமல் திரும்பவும் கேட்டான். திரும்பவும் சிவப்பு என்றேன்.