இரண்டு வாசலுக்கும் நடுவிலை ஒரு பனிமலை

சிவமயம்

டண்டினொங்
16 யூலை 1978

அன்பு மகள் யோகாவுக்கு,

அம்மா எழுதுறன். ஆண்டவன் கிருபையாலை நானும் அப்பாவும் இஞ்சை மெல்பேணிலை ஒரு குறையுமில்லாமல் இருக்கிறம், அங்கை சிட்னியிலை செவன் ஹில்ஸிலை நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேணும் எண்டு நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டு பேனையை எடுத்தனான். கவரிலை என்ரை கையெழுத்தைக் கண்டவுடனை உனக்கு நெஞ்சு திக்கெண்டிருக்கும், அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிப்போச்சு எண்டு. அப்பிடி ஒண்டுமில்லை, அந்த மனிசன் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறார், இப்ப வெளியிலை நிண்டு கார்ச் சில்லுக்குச் சங்கிலி கட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார், அதைப் பிறகு சொல்லுறன். இரண்டு வருஷமாகப் போகுது, உனக்கு ஒரு வரி எழுதாதவள் இண்டைக்கு எழுதுறன் எண்டால் காரணம் இருக்கு. நீ சின்னனிலை கதைப் புத்தகம் வாசிக்கிற மாதிரி கடைசிப் பக்கத்துக்கு ஓடாமல் முதலிலையிருந்து வாசி.

முதல் என்ரை கோவத்தைச் சொல்லி முடிக்கவேணும், அதை மனதிலை வைச்சுக்கொண்டு மற்ற விஷயங்கள் எழுத என்னாலை ஏலாது. பீற்றர் வெள்ளைக்காரன் எண்டதாலைதான் அம்மா கதைக்கிறாவில்லை எண்டு நீ அப்பாவுக்கு எழுதியிருந்தாய். எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம், நானும் நினைக்கட்டும் எண்டு விட்டிட்டன். பொய் சொல்லக்கூடாது, முதல் நாள் அதுவும் இருந்ததுதான். ஆனால் என்னை அறுத்தது அதில்லைப் பிள்ளை. நீ சிட்னியிலை கலியாணத்தை றெஜிஸ்தர் பண்ணிப்போட்டு அப்பாவின்ரை வேலைத்தலத்துக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னனீ, அப்பா அதை மூண்டு கிழமை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டு நான் போட்ட சோத்தைத் திண்டுகொண்டிருந்தவர், எனக்கு ஒருதரும் சொல்லேல்லை. சரஸ்வதி பூசைக்கு வேதவல்லியக்கா வீட்டை போனால் மெல்பேணிலை எங்களுக்குத் தெரிஞ்ச பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பமும் அங்கை கூடி நிக்குது, நான் கடலைத் தட்டோடை குசினியாலை வெளியிலை வாறன், வேதவல்லியக்கா சிரிச்சுக்கொண்டு மருமகன் எப்பிடி, நல்ல மாதிரியோ எண்டு கேக்கிறா. நான் ஆற்றை மருமகன் எண்டு கேட்டனான். பெத்த தாய், அத்தனை பேருக்கு முன்னாலை, ஆற்றை மருமகன் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். அப்பா நிலத்தைப் பாத்தார், எனக்கு எல்லாம் விளங்கிட்டுது. அண்டைக்கு வீட்டை வந்து சுவாமிப் படத்துக்கு முன்னாலை நிண்டு சொன்னனான், அவள் என்ரை வாசற்படி மிதிக்கக்கூடாது, நானும் அவளின்ரை படி மிதிக்கமாட்டன் எண்டு. கோவத்திலை சொன்னதுதான், ஆனால் சுவாமிக்கு முன்னாலை சொன்ன சொல்லை எப்பிடித் திருப்பி விழுங்கிறது எண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியேல்லை.

அப்பாவுக்கு என்ரை பிடிவாதம் தெரியும், இருபத்தெட்டு வருஷமா அதோடைதானே குடும்பம் நடத்துறார். தான் வாய் திறக்காமல் இருந்த பிழையைத் தானே திருத்தவேணும் எண்டு மனிசன் யோசிச்சுக்கொண்டே இருந்திருக்கு. அவற்றை தொழிற்சாலையிலை காரல் எண்டு ஒரு போர்மன் இருக்கிறார், ஒஸ்திரியாக்காரன், பனியிலை பலகை கட்டிச் சறுக்கிற ஸ்கீ எண்டால் உயிர். அவர் சேந்திருக்கிற கிளப்புக்கு த்ரெட்போப் பனிமலையிலை ஒரு லொட்ஜ் இருக்காம். அப்பா அவரைப் பிடிச்சு ஒரு கிழமைக்கு இரண்டு அறை ஒழுங்குபண்ணிப்போட்டு, உங்களோடையும் ரெலிபோனிலை பேசி முடிச்சுப்போட்டுத்தான் எனக்குச் சொன்னவர், அதிலையும் பார், நான்தான் கடைசி ஆள். சாப்பாட்டு மேசையிலை மப்பை விரிச்சு, தான் தொழிற்சாலைக் கந்தோரிலை பிளான் கீறுற அடிமட்டத்தை வைச்சு அளக்கிறார். இஞ்சை பார் சிவனேஸ், இது சிட்னி, இது மெல்பேண், மலை நடுவிலை நிக்குது, அது உன்ரை வாசலுமில்லை அவளின்ரை வாசலுமில்லை, உன்ரை சொல்லுக்கு ஒரு பழுதும் வராது எண்டார். நான் மனிசனை நிமிந்து பாத்தன், இந்தாளுக்கு இவ்வளவு மூளை இருக்கெண்டு எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. வாயாலை அதைச் சொல்லேல்லை, ஸ்நோவிலை வழுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சால் ஆர் என்னைப் பாக்கிறது எண்டுதான் கேட்டனான். மப்பிலைதான் நடு, றோட்டாலை எண்டால் மலைக்குக் குறுக்காலை போற பாதை பனிகாலத்திலை நம்பேலாதாம், சுத்தித்தான் வரவேணுமாம், அப்ப எங்களுக்குத்தான் தூரம் கூட. நான்தான் கூடத் தூரம் வாறன் எண்டதை நீ மறந்திடாதை.

இனி அப்பா செய்த கூத்தைக் கேள். பீற்றர் பள்ளிக்கூட வாத்தியார் எண்டபடியாலை ஆகஸ்ட் கடைசி விடுமுறைதான் அவருக்குத் தோது எண்டு அப்பா அந்தக் கிழமையையே எடுத்துப்போட்டார். எடுக்க முதல் குசினிச் சுவரிலை தொங்கிற பஞ்சாங்கக் கலண்டரை ஒருக்காத் திரும்பிப் பாத்தாரோ? மலையையே அடிமட்டம் வைச்சு அளந்த மனிசன் அதைப் பாக்கேல்லை. நல்லூர்த் தேரும் தீர்த்தமும் அந்தக் கிழமைக்குள்ளை வருகுது. கொடியேறினால் தீர்த்தம் முடியுமட்டும் இருபத்தைஞ்சு நாளும் எங்கட வீட்டிலை மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் இல்லை, எனக்கு ஒரு நேரச் சாப்பாடு, தேரண்டைக்குப் பால் மட்டும், நீ வயித்திலை வர முதலே நான் பிடிக்கத் தொடங்கின விரதம் இது. அந்த லொட்ஜிலை எல்லாருக்கும் ஒரு குசினி, முப்பது பேர் மாடும் பண்டியும் பொரிக்கிற சட்டிக்கு நடுவிலை நான் நிக்கிறதோ? உள்ளதைச் சொல்லுறன், எனக்கு உள்ளுக்குள்ளை நல்ல சந்தோஷம். முருகனே வழி காட்டிப்போட்டான், நான் வரேல்லை, நீங்கள் தனியப் போட்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டன். அப்பா முகம் கறுத்துப்போய் அடிமட்டத்தைத் துடைச்சு உறைக்குள்ளை வைச்சவர், இரண்டு நாளா என்னோடை கதைக்கவுமில்லை.

மூண்டாம் நாள் காலமை சுவாமிக்கு விளக்கேத்தேக்கை எனக்கு ஒரு நினைப்பு வந்தது. போன வருஷம் இருபத்தைஞ்சு நாளும் விரதம் இருந்து நான் என்ன கேட்டனான்? என்ரை பிள்ளையை என்னட்டைத் தா எண்டுதானே கேட்டனான். இந்த வருஷம் இந்தா பிடி எண்டு அவன் தேர்க் கிழமையிலையே கொண்டுவந்து தாறான், நான் விரதம், வரமாட்டன் எண்டு நிக்கிறன். விசர் எண்டு சொல்லுறதைத் தவிர இதை வேறை என்னெண்டு சொல்லுறது. நான் விரதத்தைச் சாட்டா வைச்சனான் யோகா. எனக்குப் பயம். என்னைக் கண்டவுடனை நீ ஆரோ பிறத்தியாளோடை கதைக்கிற மாதிரி, எப்பிடி அம்மா சுகமோ எண்டு கேட்டுப்போட்டு அங்காலை போயிடுவாயோ எண்டு பயம். வீட்டிலை கோவமா இருக்கேக்கை அந்தப் பயம் இல்லை, கோவம் ஒரு வசதி. அண்டு பின்னேரம் அப்பா வேலையாலை வந்து சப்பாத்துக் கழட்டேக்கை, விரதத்தை மலையிலையும் பிடிக்கலாம், முருகன் இருக்கிறதே மலையிலைதானே எண்டு சொன்னன். அவர் ஒரு காலிலை சப்பாத்தோடை எழும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சார், வயது போன நேரத்திலை.

அதுக்குப் பிறகு இஞ்சை ஒரே அமர்க்களம். என்ரை சட்டி, அகப்பை, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி எல்லாம் தனிய ஒரு பெட்டியிலை கட்டிப்போட்டன், மா வறுத்து அரிச்சு வைச்சிருக்கிறன், சிட்னியிலை துருவிக் காயவைச்ச நல்ல தேங்காய்ப்பூப் பக்கற் கிடைச்சால் நாலைஞ்சு வாங்கிவா, இஞ்சை விக்கிறது மரத்தூள் மாதிரி. லொட்ஜிலை வேலைக்காரர் இல்லையாம், வாற ஆக்கள்தான் முறைபோட்டுக் கோப்பை கழுவி, கூட்டி, வாசற்படியிலை விழுற பனியை மண்வெட்டியாலை அள்ளவேணுமாம், அப்பாவுக்கு அந்தப் பனி அள்ளுற முறையிலை இப்பவே பெரிய பெருமை. தேரண்டைக்கு நான் புட்டும் கறியும் எல்லாருக்கும் சமைப்பன், பீற்றர் அண்டைக்கு ஒரு நாள் மச்சத்தை விடுவாரோ எண்டு மெல்லக் கேட்டுப்பார், விடாட்டிலும் குறையில்லை, நான் முகம் சுளிக்கமாட்டன் எண்டு சொல்லு. அப்பா டண்டினொங் சந்தையிலை ஆரோ போட்டுக் கழிச்ச தோடம்பழ நிறக் குளிர்ச்சட்டை ஒண்டு வாங்கி வந்திருக்கிறார், அதைப் போட்டால் அவரை மலை உச்சியிலை விட்டாலும் சிட்னியிலையிருந்து காணலாம். ஸ்நோவுக்குப் போற காருக்குச் சங்கிலி கட்டவேணும் எண்டு காரல் ஒரு சோடி கொடுத்துவிட, அதைக் காஞ்ச றோட்டிலை கட்டிக் கட்டிக் கழட்டுறார், பக்கத்து வீட்டு மனிசி டண்டினொங்கிலை ஸ்நோ கொட்டப்போகுதோ எண்டு கேட்டுச் சிரிச்சுப்போட்டுப் போறா. நான் சீலையோடை வரேலாது, காற்சட்டை போடத்தான் வேணும் எண்டு அவர் ஒற்றைக்காலிலை நிண்டார். ஒருநாள் அவர் இல்லாத நேரம் அவற்றை கம்பளிக் காற்சட்டையைப் போட்டுக் கண்ணாடியிலை பாத்தன், எங்கட பழைய தலைமை வாத்தியார் மாதிரி நிக்கிறன், எனக்கே சிரிப்பு வந்து கட்டிலிலை இருந்திட்டன். தனிய இருந்து சிரிக்கேக்கை இதை உனக்குச் சொல்லவேணும் போலை இருந்தது, சொல்ல ஆளில்லையே எண்டு பிறகு அழுதும்போட்டன். கடைசியாக் காற்சட்டை கீழே, அதுக்கு மேலே சீலை எண்டு முடிவு, நீ பாத்துச் சிரிக்கலாம்.

இனி நான் எழுத வந்த விஷயம். போன கிழமை கிளப்பிலையிருந்து ஒரு போம் வந்தது, ஸ்கீப் பலகையும் சப்பாத்தும் வாடகைக்கு எடுக்கிறவை தங்கட உயரம், நிறை, கால் அளவு எல்லாம் எழுதி அனுப்பவேணுமாம். அப்பா உன்ரை கடிதத்தைப் பாத்துப் பீற்றரின்ரை அளவுகளை நிரப்பினார், உன்ரை பேருக்கு நேரை ஒரு கோடு கீறிவிட்டார். ஏன் எண்டு கேட்டதுக்கு அவளுக்கு வேண்டாமாம், முழங்கால் நோவாக்கும் எண்டார். அவர் வேலைக்குப் போனாப் பிறகு நான் அவற்றை மேசை லாச்சியைத் திறந்து உன்ரை கடிதத்தை எடுத்து வாசிச்சன். நீ அப்பாவுக்கு எழுதின கடிதம் எல்லாத்தையும் நான் அப்பிடித்தான் வாசிக்கிறனான், ஒண்டும் விட்டதில்லை, அதையும் இண்டைக்குச் சொல்லிப்போட்டன். போன வருஷம் பீற்றரோடை ஸ்கீ பழகப் போய் விழுந்தெழும்பினதை மூண்டு பக்கம் எழுதின நீ, இந்த முறை எனக்குப் பலகை வேண்டாம், நான் உள்ளுக்கை அடுப்படியிலை இருந்து பாக்கிறன் எண்டு எழுதியிருக்கிறாய். மேல் தட்டுக் கட்டில் வேண்டாம், கீழ்க் கட்டில் வேணும், கக்கூசுக்குக் கிட்டின அறையாப் பாருங்கோ எண்டும் எழுதியிருக்கிறாய். கோப்பி மணம் இப்ப பிடிக்கிறதில்லை எண்டு கடைசியிலை வேறை ஒரு வரி. அப்பா இதெல்லாத்தையும் வாசிச்சுப்போட்டு முழங்கால் எண்டுறார், ஆம்பிளையள்.

யோகா, நீ முழுகாமல் இருக்கிறாய், உன்ரை வயித்திலை ஒரு பிள்ளை எண்டு நினைக்கிறன். கடிதத்தை மடியிலை வைச்சுக்கொண்டு அந்தக் கதிரையிலை எவ்வளவு நேரம் இருந்தனான் எண்டு தெரியாது, அடுப்பிலை பருப்பு அடிப்பிடிச்சுக் கரியாப் போச்சு. அப்பாவுக்கு நான் மூச்சும் விடேல்லை. என்ரை கணிப்புப் பிழையெண்டால் அம்மாவுக்கு விசர் எண்டு சிரிச்சுப்போட்டு விடு, நான் கோவிக்கமாட்டன். சரியெண்டால் நான் உன்னட்டை ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். அதைக் கடிதத்திலை எழுதாதை, அப்பாவின்ரை வேலைத்தலத்துக்கு ரெலிபோனிலையும் சொல்லாதை. இன்னும் ஆறு கிழமைதானே, பொறுத்துக்கொள். மலையிலை காராலை இறங்கி வந்து என்ரை காதுக்குள்ளை நீயே சொல்லு. எனக்கு முதலே தெரியும் எண்டு நான் காட்டிக்கொள்ளமாட்டன், இப்பதான் கேள்விப்படுற மாதிரித்தான் நிப்பன். பீற்றருக்குத் தெரிஞ்சிருக்கும், அதுதான் முறை. அவருக்கு அடுத்த ஆள் நானா இருக்கவேணும் பிள்ளை.

உங்கள் இரண்டு பேருக்கும் சகல சௌபாக்கியமும் கிடைக்க முருகன் துணை நிப்பான். வாற வழியிலை பீற்றரைக் காரை மெல்ல ஓட்டச் சொல்லு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி இறங்கி நட, இரண்டு சோடி கம்பளிக் காலுறை போடு, மலையிலை கம்பியாலை ஆக்களை மேலை இழுத்துக்கொண்டு போற அந்தத் தொங்கிற கதிரையிலை ஏறுற எண்ணத்தை விடு. அம்மா என்ன எழுதினவ எண்டு அப்பா கேட்டால் தேங்காய்ப்பூ வாங்கிவரச் சொல்லி எழுதினவ எண்டு மட்டும் சொல்லு.

உன்னைக் காணக் காத்திருக்கிற
அம்மா
சிவனேஸ்வரி அரியரத்தினம்