இடப்பக்கத்துக் குரல்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எனக்குச் சளிகூட இல்லை.

நேற்று பெரிய நாடு ஒன்றோடு ரக்பி ஆட்டம். எங்களை யாரும் மதிக்கவில்லை. ஆனாலும் கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து என் கையில். பின்னால் வருபவனுக்குத்தான் பந்தைக் கொடுக்கலாம். திரும்பிப் பார்க்க நேரமிருக்காது, குரலை நம்பி வீசுவோம். இடப்பக்கம், "டேய் தம்பி, குடுடா!" என்று கேட்டது. வீசினேன். அங்கே வெறும் புல்தான் இருந்தது. எதிரணிக்காரன் பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான். தோற்றோம்.

"அங்க யாரு இருக்கான்னு போட்ட?" என்று கோச் கத்தினார்.

"கை வழுக்கிடுச்சு சார்."

ஐந்து வருடம் என் இடப்பக்கம் ஓடிய அண்ணன் இறந்து எட்டு மாதம் ஆகிறது. கோச்சிடம் வேறென்ன சொல்வது? நீங்கள் பயப்படாதீர்கள், ஓர் ஆட்டம்தானே.

என் பூட்ஸ் பிய்ந்துவிட்டது. அண்ணனுடையதை யாருக்கும் கொடுத்துவிடவில்லையே? அனுப்பிவையுங்கள். இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாக இருக்கும்.

பஸ் வந்துவிட்டது. நாளை என் இடப்பக்கம் புது ஆள். கை தட்டினால் போதும், வாயைத் திறக்காதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவனும் கத்தினால் எனக்கு அண்ணன் குரல் கேட்காது.

உங்கள் சின்னவன்